நான் சொன்ன சுகமும் எஸ்தர் மறைத்த வலியும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, போன வருடம் இதே இடத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். அது தவறு. இன்று அதைத் திருத்த நிற்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி எஸ்தருக்கு வயது ஒன்பது. போன வருடம் பள்ளி திறந்த மாதம் அவளுக்கு முட்டியும் மணிக்கட்டும் வீங்கின. காலையில் விரல் மடங்காது. மூட்டுவாதம், வருடக்கணக்கில் மருந்து வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு உலகமே இருண்டது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். துணி மடிக்கும் பையனாக வந்து, முதலிபாளையத்தில் நாற்பது மெஷின் ஓடும் பனியன் கம்பெனி வைத்தவன். நினைத்ததை முடிக்காமல் விட்டதில்லை. என்னைப்போல் சத்தமாய் ஜெபிக்க இந்தச் சபையில் ஆள் கிடையாது. இன்றும் அதைச் சொல்வேன். அப்படித்தான் ஜெபித்தேன். தினமும் காலையில், "வலி போயிருச்சா கண்ணு?" என்பேன். ஒருநாள், "போயிருச்சுங்க அப்புச்சி" என்றாள். அந்த ஞாயிறே எழுந்து, சுகமாகிவிட்டாள் என்று சாட்சி சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். இனி மருந்தும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் பிள்ளையால் எழுந்து நிற்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். காரில் எனக்குச் சத்தமே வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீரே வழி காட்டும்." அவ்வளவுதான் ஜெபம்.

மருந்தை மறுபடி ஆரம்பித்த டாக்டர், ஒரு வகுப்புக்கும் அனுப்பினார். பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்து கண்மூடி உட்கார்ந்து, மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று பிள்ளை சொல்லும். பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது.

"சும்மா உட்கார ஒரு வகுப்பா? எனக்கு ஷிப்மென்ட் இருக்குது" என்றேன்.

என் மகள் விடவில்லை. "ஏனுங்கப்பா, ரோல் துணியக்கூட அவுத்துப் போட்டு, இழுப்பு அடங்கட்டும்னு ஒருநாள் விட்டுத்தான வெட்டறீங்க? எம்புள்ளைக்குப் பத்து நிமிசம் இல்லீங்களா?"

உட்கார்ந்தேன். எஸ்தர் மெல்லச் சொன்னாள்: "வலது முட்டி வலிக்குதுங்க. ரெண்டு மணிக்கட்டும். அப்புச்சி சர்ச்சுல சொன்ன அன்னைக்கும் வலிச்சுதுங்க. அவர் சொன்னது பொய்யாயிருமேன்னு சொல்லல."

வாய் திறக்கப் போனேன். வகுப்பு எடுத்த அம்மா தலையசைத்துத் தடுத்தார். யார் சொல்லியும் அடங்காத நான் அன்று அடங்கினேன். என் கண்ணீர்தான் அடங்கவில்லை. காரில் கேட்ட வழி அதுதான் என்று புரிந்தது.

இப்போது தினமும் காலையில் நாங்கள் மூவரும் பத்து நிமிடம் உட்காருகிறோம். அவள் சொல்கிறாள், நான் கேட்கிறேன். ஆஸ்பத்திரி நாள் ஒன்றைக்கூடத் தவறவிடுவதில்லை. வலி சில நாள் குறைவு, சில நாள் அதிகம். ஆனால் எங்கள் வீட்டில் அது ஒளிந்து வாழ்வதில்லை. ஸ்தோத்திரம்.

நேற்று, "சபையில் என்ன சொல்லட்டும் கண்ணு?" என்று கேட்டேன். "வலி இருக்குதுன்னே சொல்லுங்க அப்புச்சி. பயம் போயிருச்சுன்னும் சொல்லுங்க. அது நெசமாவே போயிருச்சு."

அவளைக் கேட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நோயுள்ள பிள்ளை இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள். என்னையே பேசாமல் உட்கார வைத்த ஆண்டவர், உங்களைக் கைவிடமாட்டார்.