மெட்டி தெரியும் தண்ணீர்

அடைமழை ஓய்ந்த கையோடு பக்கத்து வீட்டுக்காரர் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். "ஒரு கெண்ட கூடக் கடிக்கல ஆச்சி. ஆத்துல மீனே இல்ல" என்று தூண்டில் கழியை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். மீன் இல்லாமல் எங்கே போகும்? தண்ணீர் பக்குவப்படுவதற்கு முன்னால் போயிருப்பார். சொல்ல வாயெடுத்தேன். பக்குவத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் என் காலைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் சும்மா இருந்துவிட்டேன். அவர் கழியை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்தப் புதுத்தண்ணீர்ச் சேற்று வாசம் வாசலில் நின்றது. அன்றைக்கு எனக்குச் சமையல் ஓடவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குளத்தில் கிடக்கும், இல்லையென்றால் கிணற்றில் கிடக்கும். வைத்த இடத்தில் இருக்கிற மரியாதையான தண்ணீர். ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மலையிலிருந்து இறங்கி ஓடும் ஆற்றைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் எங்க அத்த போகுது?" என்று மாமியாரிடம் கேட்டுவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே அடுத்த மழை வரைக்கும் தெரு சிரித்தது. கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் பஞ்சு வண்டி ஓட்டினார். வண்டிக்காரர் என்றதும் மீசையும் சாட்டையுமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டோடு பேசுகிற அளவுக்குக்கூட என்னோடு பேசாத கூச்சக்காரர். அத்தை வீட்டில் இருந்தால் என் பக்கம் தலையே திரும்பாது. மழை பிடித்துப் பாதை சகதியானால் வண்டி ஓடாது. அப்போது மாட்டுக்கு வைக்கோலைப் போட்டுவிட்டு ஆற்றுக்குத்தான் போவார். எனக்கும் துவைக்க வேண்டிய அழுக்குத் துணி அன்றைக்கென்று எங்கிருந்தோ சேர்ந்துவிடும்.

வெள்ளம் வந்த அன்றைக்கே தூண்டில் போடுவது வீண். தண்ணீர் செம்மண் கரைசலாக, இலையும் சுள்ளியுமாக ஓடும். மீன் பாறை இடுக்கில் போய் ஒண்டிக்கொள்ளும். பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மெல்ல வெளுக்கும். ஒரேயடியாகத் தெளிந்துவிட்டாலும் ஆகாது, கரையில் நிற்கிற ஆளின் நிழலைக் கண்டு மீன் ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்குவம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் வெள்ளைக் கல்லைப் போட்டுப் பார்ப்பார்கள். இவருக்கு என் கால் கிடைத்தது.

"முழங்கால் தண்ணியில நில்லுட்டி. மெட்டி தெரியுதா?"

"மினுங்குது."

"வளையம் தெரியுதா?"

"இல்ல. சும்மா மினுக்குதான்."

"அப்பச் சரி."

கல்யாணத்தில் என் காலை அம்மிமேல் வைத்து அந்த மெட்டியைப் போட்டபோது நிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பார்க்காதவர், ஆற்றில் அதே காலைக் குனிந்து பார்த்தபடி வெகுநேரம் நிற்பார். தண்ணீரைப் பார்க்கிறாராம். நானும் நம்புகிற மாதிரியே நின்றுகொண்டிருப்பேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அது ஒரு கார்த்திகை மாசம். விடாத மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்தது. ஊருக்கு மேலே துளி மேகம் இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. தலைக்கு மேல் பார்த்தோமே தவிர, அய்யனார் கோவிலுக்கு அப்பால் மலை மழைக்குள் மறைந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. மெட்டி சரியாக மினுங்கியது. அவர் வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மண்புழு போட்ட சிரட்டையோடு நடு ஆற்று மணல்திட்டுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். திட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஆழம், கெண்டை அங்கேதான் நிற்கும்.

நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். குனிந்தபோது காலில் மெட்டியைக் காணோம். கழன்று விழுந்துவிட்டது, அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் முதலில் பதறினேன். தடவிப் பார்த்தால் விரலில் பத்திரமாக இருக்கிறது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை. தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது. பச்சை இலை கசங்கின வாசம் அடித்தது. மேலே பாறைகளில் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது.

"ஏங்க" என்று கத்தினேன். கரையில் மாடு குளிப்பாட்டிய ஆட்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். எல்லாரும் யாரோ ஒருத்திக்கு 'ஏங்க'தானே. திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. அன்றைக்கு என்னோடு துவைக்க வந்திருந்த அத்தை மேட்டில் செடிமேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், எதையும் பார்க்கவில்லை. திட்டின் ஓரம் கரைந்து விழுந்தது.

எங்கள் காலத்தில் புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். நான் மனசுக்குள்கூடச் சொன்னதில்லை. அன்று தொண்டை கிழியச் சொன்னேன். வெறும் பெயரை, ஊரே கேட்க.

திரும்பினார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். அதன் பிறகுதான் தண்ணீரைப் பார்த்தார். தூண்டிலைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். இடுப்பளவு, மார்பளவு என்று ஏறிய தண்ணீரில் தடுமாறி வந்தவரை, மாட்டுக்கயிற்றை வீசி ஆட்கள் இழுத்துப் போட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது திட்டு இருந்த இடத்தில் ஆறுதான் ஓடியது.

அத்தை இறங்கி வந்தார். "யாருட்டி எம் மகன் பேரச் சொன்னது?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொட்டச் சொட்ட நின்ற மகனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "சரி, துணிய எடு. வீட்டுக்குப் போவோம்" என்றார். அன்று மீன் ஏது, கருவாட்டுக் குழம்புதான். பெரிய துண்டு என் கும்பாவில் விழுந்தது.

அவர் கூச்சம் அன்றோடு போயிற்று. மழை பெய்கிற போதெல்லாம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, "இன்னொரு மட்டம் கூப்பிடேன்" என்பார். "இன்னொரு வெள்ளம் வரட்டும்" என்பேன். வெள்ளம் எத்தனையோ வந்தது. அவர் தலை நரைத்து, பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கி, பிறகு ஒரு காய்ச்சலில் போனார். நான் கூப்பிடவே இல்லை. ஒருமுறை கூப்பிட்டதில் எவ்வளவு குறைந்ததோ என்கிற பயம் எனக்கு உள்ளூர இருந்துகொண்டே இருந்தது.

நேற்று ஆற்றுக்குப் போனேன். பஞ்சு வண்டிகள் வரிசையாக இறங்கின தடத்தில் இப்போது லாரி போகிறது. திட்டு மறுபடி சேரவில்லை, துவைக்கிற கல்லும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தேன். பக்குவமா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. மெட்டி கிடந்த விரலில் வெளுத்த தடம் ஒன்று இருக்கிறது, அது தண்ணீருக்குள் தெரிவதில்லை.

பக்கத்தில் யாரும் இல்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். இனிக் குறைவதற்கு அவருக்கு ஆயுசு இல்லையே.