கெஸ்ட்டாக அண்ணனுக்கு எதிரே

சுனாமி வீடுகளுக்கு நாங்கள் குடிபோன வருடம் எனக்குப் பதினைந்து வயது. அண்ணனுக்குப் பதினேழு முடியவில்லை. எங்கள் ஊரான கிளிஞ்சல்மேட்டுப் பையன்களின் கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். மே மாதப் போட்டிக்குப் பெயர்களை எழுதியபோது என் பெயரை மட்டும் விட்டுவிட்டான். முந்தைய போட்டியில் ஒருவன் மூக்கை உடைத்து, சிவப்பு அட்டை வாங்கி, அணியைத் தோற்க வைத்தவன் நான்.

"ஆத்திரத்த வீட்ல வச்சிட்டு வர்ற அன்னிக்கு சொல்லு, எழுதுறேன்" என்றான்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை எட்டி உதைத்தேன். அம்மா அகப்பையால் முதுகைப் பழுக்க வைத்தாள். அடி எனக்குப் பழக்கம்தான். அவமானம்தான் உறைத்தது.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒவ்வோர் அணியும் வெளியாட்கள் இரண்டு பேரை கெஸ்ட்டாக இறக்கிக்கொள்ளலாம். கெஸ்ட்டுக்குப் பிரியாணி உண்டு, பனியன் உண்டு. எழுதி வைக்காத கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. கெஸ்ட்டாகப் போனவன் தன் ஊருக்கு எதிராக இறங்க மாட்டான். அந்த ஓர் ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்துகொள்வான். அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

டவுன் அணி ஒன்று என்னைக் கூப்பிட்டது. அதை நடத்தியவர் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த எனக்கு, அடியில் ஸ்டட் என்கிற கூர்க்குமிழ்கள் வைத்த ஷூவை முதன்முதலில் மாட்டிவிட்டவர் அவர்தான். முதல் இரண்டு ஆட்டங்களில் மூன்று பேரை நொண்ட வைத்தேன். டவுன் பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என்னை அப்படி யாரும் தூக்கியதில்லை. தலை கால் புரியவில்லை.

ஃபைனலில் எதிரே வந்தது எங்கள் ஊர்.

அண்ணனுக்கு அடுத்த வாரம் பாண்டிச்சேரியில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு இருந்தது. தேர்வாகிவிட்டால் படிப்பு, சாப்பாடு எல்லாம் அங்கேயே. கடலுக்குப் போகத் தேவையில்லை. அலை எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அவன் முழங்காலளவுத் தண்ணீரில்கூட நின்றதில்லை. அந்தத் தேர்வைத்தான் அவன் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்னால் பாய் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "தம்பி, ஒங்க ஊரு, ஒங்க அண்ணன். நீ ஒக்காந்துக்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றார். நான் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டே, இறங்குகிறேன் என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். அதே பதிலைச் சொன்னேன்.

வெயிலில் வெடித்துக் கிடந்த மைதானம். எங்கள் ஊர்க்காரர்கள் என்னைச் சோற்றுக்கு விலைபோனவன் என்று கத்தினார்கள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் முகத்தில் துப்பினான். நடுவர் திரும்பிய நேரம் பார்த்து அவன் வயிற்றில் முழங்கையை இறக்கினேன். இன்னொருவன் என் புருவத்தைக் கிழித்தான். ரத்தம் கண்ணில் இறங்கியது. பாதி ஆட்டத்தில் அண்ணன் பக்கத்தில் வந்து, "வெளிய போயிடுடா. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல" என்றான். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. அதனாலேயே எனக்குக் கொதித்தது.

அடுத்த பத்து நிமிடத்தில் அவன் இடது ஓரமாகப் பந்தோடு வந்தான். கடற்கரையில் தினமும் நாங்கள் ஆடுகிற ஆட்டம்தான் அது. நான் மணலில் சறுக்கிக் காலை நீட்டுவேன், அவன் ஒரு துள்ளலில் தாண்டிப் போவான். நான் சறுக்கினேன். அவன் துள்ளுவதற்குள் ஸ்டட் அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. விறகு முறிகிற சத்தம் கேட்டது. கால் இருக்கக் கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது.

பிறகு எங்கள் ஊர்ப் பையன்கள் என்மேல் விழுந்தார்கள். ஒருவன் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். முன்பல் இரண்டு மைதானத்திலேயே போயின. டவுன் பையன்கள் கல்லெடுத்தார்கள், ஊர் திருப்பி எறிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா செருப்பைக் கழற்றி, கை ஓயும்வரை அடித்தார். நான் தடுக்கவே இல்லை.

ஊர்ப் பஞ்சாயத்து கோயில் முன்னால் கூடியது. வேண்டுமென்றே செய்தது என்றால் எங்கள் குடும்பத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள். மாவுக்கட்டுக் காலோடு அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வந்து வைத்துக் கேட்டார்கள்.

"அவன் பந்துக்குத்தாங்க வந்தான்" என்றான் அண்ணன். "எங்காலுதான் குறுக்க போயிடிச்சி."

வெறுங்காலோடு ஆடிய பையன், மணலில் சறுக்குவதுபோல ஷூ போட்டுக்கொண்டு கட்டாந்தரையில் சறுக்கிவிட்டான், புத்தியில்லாமல் நடந்துவிட்டது என்று பெரியவர்கள் முடித்துவைத்தார்கள். அம்மா அழுதுகொண்டே என் தலையைத் தடவினாள்.

எலும்பு கூடியது, ஓட்டம் கூடவில்லை. அடுத்த வருடம் அண்ணன் அப்பாவோடு படகில் ஏறினான். முதல் நாள் அவன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி போனதைக் கரையில் நின்று பார்த்தேன்.

நான் சறுக்கியபோது பந்து அவன் காலைவிட்டு ஓரடி தள்ளி உருண்டுகொண்டிருந்தது. அதை அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் காலை நீட்டினேன்.