நடந்தால் குதிக்கும் தெரு

குருசுக்குப்பத்துத் தெருவின் நடுவில் அக்கா சட்டென்று நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எதிரே பத்தடி தூரத்தில் அம்மா மீன்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அக்கா தலையை அசைக்காமல் உற்றுப் பார்த்தாள். அதன் பிறகுதான், "அம்மாவா?" என்று கேட்டாள். அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினான்கு. காசநோயோடு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, தினம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு பிழைத்து வந்திருந்தாள். இருமல் நின்றுவிட்டது. ஆனால், "நான் நடந்தா தெருவும் கூடவே குதிக்குதுடி. நின்னா அதுவும் நின்னுடுது" என்று சொல்லத் தொடங்கினாள். நான் நம்பவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு, நாலு எட்டு வைத்ததும் பெற்றவள் முகம் தெரியாமல் போகுமா? இருட்டில் அவள் தள்ளாடுவதையும் வீட்டு வேலைக்குப் பயந்த நடிப்பாகவே எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் நோணாங்குப்பத்து அத்தை வீட்டுக்குப் போனோம். மத்தியானம் ஆற்றில் குளிக்க இறங்கினேன். அத்தை கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கடலலையிலேயே நீந்திப் பழகியவள், அன்று முழங்கால் தண்ணீரிலேயே தயங்கி நின்றாள். "மார்பளவுதான்க்கா, வா. பயந்தாங்கொள்ளி!" என்று சீண்டினேன். ரோஷத்தோடு வந்தவள் மூக்கைப் பிடித்து, கண்ணை மூடி முழுகினாள்.

நான் சிரித்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். தலைக்குப் பதில் அவளுடைய பாதங்கள் மேலே வந்தன. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கீழிருந்து சேறு புகைபோலக் கிளம்பியது. அவள் அடிமண்ணைக் கைகளால் பறித்துக்கொண்டிருந்தாள். கால்கள் உதைத்த உதை ஒவ்வொன்றும் அவளை இன்னும் கீழே தள்ளியது. முழுகி, கையில் அகப்பட்ட கூந்தலைப் பற்றி இழுத்தேன். அவள் வரவில்லை. என்னோடு சண்டை போட்டாள், மணிக்கட்டைக் கடித்தாள். அத்தை பாய்ந்து வந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் தலை வெளியே வந்தது.

கரையில் சேற்றுத் தண்ணீரை வாந்தியெடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மேல வரேன்னு நெனச்சிதான்டி போனேன். நீ என்னக் கீழ இழுக்கறேன்னு கடிச்சிட்டேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் நடிக்கவில்லை என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் அம்மாவும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் என் கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, தலையை ஆட்டிக்கொண்டே படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு தலையை அசைக்காமல் தாளை ஆட்டச் சொன்னார். எழுத்தெல்லாம் கலங்கியது.

"தல ஆடினா காதுக்குள்ள இருக்கற உறுப்பு மூளைக்குச் சேதி சொல்லுது. ஒடனே கண்ணு எதிர்ப்பக்கம் திரும்பிச் சரி பண்ணிடுது. பெரியவளுக்கு அந்தச் சேதி வர்றதில்ல. உயிரக் காப்பாத்தின ஊசிதான் அதக் கெடுத்துடுச்சி. அவளுக்கு இனிமே மேல எது, கீழ எதுன்னு கண்ணுதான் சொல்லணும். தண்ணியில கண்ண மூட வுடாதீங்க" என்றார்.

"சரியாவுமா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"பழகிக்கும்" என்றார். சரியாகும் என்று அவர் சொல்லவில்லை.

அக்கா பழகிக்கொண்டாள். தையல் வேலை செய்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளைகளை வளர்த்தாள். தெருவில் யாராவது கூப்பிட்டால் நின்று, முகம் தெளிந்த பிறகு சிரிப்பாள். தெரியாதவர்கள் அதைக் கர்வம் என்றார்கள். ஒரு காலத்தில் நானும் அவளை நடிக்கிறவள் என்று நினைத்தேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆற்றில் பட்ட அந்தப் பயம் அவளை விட்டுப் போய்விட்டது. என்னை விடவில்லை. இப்போதும் அவள் வீட்டுக்குப் போனால், அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன். முகத்துக்குச் சோப்புப் போடக் கண்ணை மூடித்தானே ஆக வேண்டும். "போடி, கை செவுத்துலதான் இருக்குது" என்று உள்ளேயிருந்து அதட்டுவாள். நான் நகர்வதில்லை. அடுத்த சொம்புத் தண்ணீர் விழும் சத்தத்துக்காகக் காத்து நிற்கிறேன்.