தங்கையின் நீல உதடு

என்னைப் பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் தங்கையை மலைக்கு அனுப்பிவிடுவோம். எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது. மேலே சாமை விதைத்துப் பிழைத்த ஒரு குடும்பம் அப்பாவுக்குப் பழக்கம். அவர்கள் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வருவாள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. மேலே சாய்ந்த சின்னக் கண்கள், தட்டை மூக்கு, வாய்க்குள் அடங்காத நாக்கு. அவளைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று அம்மா பயந்தாள். நான் பயந்தேன் என்று எழுதுவதுதான் சரி. அம்மா தயங்கியபோதெல்லாம் தங்கையின் பாவாடையைப் பையில் மடித்து வைத்தவள் நான்தான்.

அவளோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி கிளம்புவாள். எதிரில் வருகிற ஆண்கள் எல்லாரும் அவளுக்கு மாமாதான். ஆளுக்கு ஒரு சலாம் வைப்பாள். நாலு எட்டு நடந்ததும் வழியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். சோம்பேறி, கள்ளி என்று திட்டி, கையைப் பிடித்து இழுத்து நடக்க வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் சளியும் காய்ச்சலும் வரும். உதடு கறுத்திருந்தால் நாவல் பழம் தின்றிருப்பாள் என்போம். நாவல் பழம் இல்லாத மாதங்களிலும் அது கறுத்துத்தான் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

யோசித்தவள் அந்த மலைக்காரம்மாதான். மூன்றாவது முறை அனுப்பியபோது, தங்கையை முதுகில் சுமந்துகொண்டு அவளே இறங்கி வந்தாள்.

"மேடு ஏறினா வாயும் நகமும் நீலமாப் போவுதுங்க. இது சோம்பல் இல்லீங்க, உள்ள ஏதோ நோவு இருக்குது" என்றாள்.

பதினோரு வருஷம் அவளோடு ஒரே பாயில் படுத்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கள்ளக்குறிச்சி டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் அன்று எழுதிய பெயரை இப்போது யாரும் எழுதுவதில்லை, டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் இதயத்தில் ஓட்டையோடு பிறக்கிறார்கள், காதையும் தைராய்டையும்கூடப் பார்க்க வேண்டும், இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கடிந்துகொண்டார். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து, வெளியூரிலிருந்து இதய டாக்டர் வரும் நாளையும் குறித்துக் கொடுத்தார். ஆபரேஷன் செய்யலாமா என்று அவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குள் தியாகதுருகம் பக்கத்து ஊர் ஒன்றில் எனக்கு இடம் படிந்துவிட்டது. நிச்சயத் தட்டு மாற்றும் வரை ஆஸ்பத்திரிப் பேச்சு வெளியே போகக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் வாய்ப்பூட்டு.

குறித்த நாள் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு நடுவில் வந்து விழுந்தது. சாலையெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. அப்பாவே சங்கராபுரம் சாலையில் கோடாலியோடு நின்றிருந்தார். நோயாளி என்று சொன்னால் விட்டுவிடுகிறார்கள், அடுத்த மறியல் வரை அவர்களே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று சேதி வந்தது. அதை நம்பி, அம்மாவின் அண்ணன் விடிந்ததும் மாட்டு வண்டியைப் பூட்டினார். அம்மா, தங்கை, நான் மூவரும் ஏறிக்கொண்டோம்.

தியாகதுருகத்துக்கு முன்னால் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வண்டியை நோக்கி வந்தார். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. போன மாதம்தான் என் கையால் காபி வாங்கிக் குடித்திருந்தார்.

"எங்கம்மா போறீங்க இந்த நேரத்துல? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் கடிதம் அவள் மடியில் இருந்தது. தங்கை அதற்குள் மாமா என்று கூப்பிட்டு அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லீங்க. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போய்க்கினு இருக்கோம். இது பக்கத்து வூட்டுப் புள்ள, கூட வந்துச்சி" என்றேன்.

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, விருந்தாடிப் போவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வண்டியைத் திருப்ப வைத்தார். வழியெல்லாம் அம்மா மடியில் இருந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தங்கை மட்டும் மறியல்காரர் ஒருவர் கொடுத்த வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு குஷியாக வந்தாள்.

மறுபடி ஒரு நாள் கிடைக்க ஏழெட்டு மாதமானது. அதற்குள் என் கல்யாணம் முடிந்துவிட்டது. கல்யாணத்தன்றும் அவள் மலையில்தான் இருந்தாள். அவள் இதயத்தில் இருந்த ஓட்டை வழியாக நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்ந்து, அங்கே ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டன, இனி மூடினால் உயிருக்கே ஆபத்து என்றார் பாண்டிச்சேரி டாக்டர். கைக்குழந்தையாக இருந்தபோதே செய்திருக்க வேண்டியது, இந்தச் சில மாதத்தில் கெட்டதில்லை என்றும் சொன்னாராம். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதி நாளைத் தள்ளினாள். எனக்கு அது ஒட்டவில்லை.

பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள். இன்றும் மாடிப்படி ஏறும்போது எனக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. நின்றால் அதுவும் உட்கார்ந்துவிடுகிறது. வீட்டில் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள் என்பதால் சொல்வதில்லை.

அவள் காரியத்துக்கு வந்திருந்த சின்ன மாமனார், அதாவது அன்று வண்டியைத் திருப்பியவர், கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு மூஞ்சப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சிம்மா. எங்க வூட்லயும் இதே மாதிரி ஒண்ணு பொறந்துச்சி. அதுக்கும் வாய் நீலமாப் போவும். நாலு வயசுல பூட்ச்சி. உங்க வூட்டுக்கு நாங்க அதச் சொல்லல. நீ பக்கத்து வூட்டுப் புள்ளன்னு சொன்ன. உன் மானம் போவ வேணாம்னு நானும் மேல கேக்கல. கேட்டிருந்தா நானே தூக்கிக்கினு போயி வுட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு அழுதார். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தும் கேட்காமல் விட்டாரே, பாவி மனுஷன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரை அனுப்பிவிட்டு அடுப்படிக்குள் வந்து, பாத்திரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. அவர் கேட்கத்தான் செய்தார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று, வண்டி வந்து நின்றதுமே கேட்டார்.