ஒட்சிசன் எந்த ஊர்த் தமிழ்?

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், என் இலங்கைப் பள்ளித் தோழிகளே. மகள் இப்போதுதான் தூங்கினாள்.

இலங்கையிலிருந்து குன்னூர் வந்து மூன்று மாதம். ஆறாம் வகுப்பில் இருப்பவளை ஐந்தில் இறக்கிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் இன்று பள்ளிக்கூடம் போனேன்.

அறிவியல் டீச்சர் பரீட்சைத் தாளை நீட்டினார். "ஏனுங்க, இலை 'ஒட்சிசன்' விடுதுன்னு எழுதியிருக்கா. இது என்ன பாஷைங்க?"

"தமிழ்தான் டீச்சர். அங்க அப்படித்தான் படிச்சோம். இங்க என்ன சொல்றது?"

"ஆக்ஸிஜன்."

"அது இங்கிலீஷ் தானே?"

டீச்சர் சிரித்துவிட்டார். அடுத்த வரியில் கார்பன் டை ஆக்ஸைடுக்கு அவள் எழுதியிருந்த 'காபனீரொட்சைட்டு' அவர் வாயில் மூன்று முறை இடறியது.

"இதைப் பிழையில்லாம எழுதறவ ஆறாவதுலயே இருக்கட்டுங்க!"

ஆனால், திருத்துவதற்கு வசதியாக நம் ஊர் விஞ்ஞானச் சொற்களையெல்லாம் திங்கட்கிழமைக்குள் நான் எழுதித் தரவேண்டுமாம். எனக்குப் பத்துகூடத் தேறவில்லை. ஞாபகமிருப்பதை எழுதிச் சீக்கிரம் பதில் போடுங்கள்.