துணிமூட்டை அண்ணை

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவஞானம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய வோபர்னில் ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றேன். வரிசையை விடவில்லை. ஆட்டிறைச்சி ரோல்ஸ் இரண்டு கூடுதலாக வாங்கினேன். வந்தது துக்கமல்ல, நிம்மதி.

அவரோடு அஜக்ஸ் ரயிலில் வேலைக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். அமெரிக்கா என்றொரு நாடு பிறக்கும் முன்பே தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தின் சரித்திரம்தான் அவருடைய காலைத் தேவாரம். பாதிரிமாரை உருவாக்க அமைத்த சின்னக் கல்லூரி. கட்டடம் கட்ட வழியில்லை. சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து, சுருட்டினார் என்ற குற்றச்சாட்டில் பதவியிழந்த வெள்ளைக்காரர் சில துணிமூட்டைகள் அனுப்பினார். விற்றார்கள், கட்டினார்கள், அவர் பெயரையே வைத்தார்கள். குழல்விளக்கு உபயகாரருக்காகக் கோயிலின் பெயரையே மாற்றியதுபோல.

"அது எங்கட துணி. அப்ப அது எங்கட பள்ளிக்கூடம்," என்பார். ஒருநாள், கணினி வேலைக்குப் போகும் சென்னைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிள், துணி எங்க ஊரோடது. நீங்க யாழ்ப்பாணம்தானே?"

"ஓம் பிள்ளை. நெய்தது உங்கட ஆக்கள். ஞாபகம் வச்சிருக்கிறது நான்."

பெட்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை அறவே இல்லாத மனிதர்.

என் வெறுப்புக்குக் காரணம் வேறு. மகளை அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட நான் தவமிருந்தேன். விண்ணப்பக் கட்டுரைக்கு உதவ அண்ணை தானாக வந்தார். துணிமூட்டையில் தொடங்கச் சொன்னார். இடம் கிடைக்கவில்லை என்று மகள் வந்து சொன்னாள். கள்ளன் வீட்டு வாசலில் நின்று, "களவெடுத்தது நீதானே, எனக்கொரு கதிரை போடு" என்று என் பிள்ளையைக் கேட்கவைத்த மூடன் என எட்டு வருடம் கல்யாண வீடுகளில் அவரைக் கிழித்தேன். ஒருமுறை முகத்துக்கு நேரே சொன்னேன்.

"என்ர பிழைதான்," என்றார். அவ்வளவுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எல்லோர் கையிலும் திணிப்பாரே, அந்தச் சரித்திரத்தின் நகல்தாள். ரயில் அட்டையோடு மடித்து வைத்திருக்கிறேன். அந்த மூட்டைகளை யாராவது நன்கொடை என்றால், அது எங்கட துணி என்று விரித்துக் காட்டலாம்.

இதுவரை எழுதியதை மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். "அப்பா, நான் அங்க அப்ளையே பண்ணேல்லை," என்றாள். "அங்கிளுக்குத் தெரியும்."