முதல் கோட்டுக்குக் கீழே

இன்று காலை ஆறு பத்துக்கு மேட்டில் ஏறினேன். முதலில் கண்ணில் பட்டது மூங்கில் கம்புதான். கிழக்குச் சரிவில், அரசலாற்றின் கரையோரம், மூன்று சுண்ணாம்புக் கோடுகளுடன் நின்றது. கோடுகள் புதிதாக இழுக்கப்பட்டிருந்தன. அக்காவின் கைவேலை.

அக்கா என் பெரியப்பா மகள். காரைக்கால் டவுனை ஒட்டிய இந்த மேட்டுக்குத்தான் வாழ்க்கைப்பட்டு வந்தாள். முப்பது வீடு, ஒரு கோயில், மழை பெய்தால் மண்ணிலிருந்து தலைகாட்டும் பழைய பானை ஓடுகள். பிரெஞ்சுக்காரன் காலத்து வரைபடத்திலும் இந்த மேடு உண்டு. நான் போகும்போதெல்லாம் அத்தான் வாசலில் நின்று குரல் கொடுப்பார். "வாங்க மாப்ள, மலையேறி வந்துட்டீங்களா? மூச்சு வாங்குதா? எங்க மேட்டப் பத்திப் பேப்பர்ல மட்டும் எழுதிடாதீங்க. டவுன்காரன் பூரா குடிவந்துடுவான்." உண்மையில் மூச்சு வாங்கியது அவருக்குத்தான். இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஐப்பசி பிறந்ததும் கம்பு நடுவது இங்குள்ள வழக்கம். ஆற்றுத் தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டால், கீழ்த்தெருக்காரர்கள் ஏறி வருவார்கள் என்று மேட்டுக்காரர்கள் உலை வைப்பார்கள். இரண்டாவது கோட்டில் மாடுகள் கோயிலுக்குப் போகும். மூன்றாவது கோடு நனைந்தால்தான் மேட்டுக்காரர்கள் இறங்க வேண்டும். அது நனைந்ததை யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர்களுக்கு அடைக்கலம் கொடுக்கிற இடம் என்பதால், மேட்டுக்குப் படகு வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் கம்பு பார்ப்பது ஆற்றை மட்டும். மேற்கே, டவுனுக்குப் போகும் பாதையின் இருபுறமும், மனைக்கட்டுகளை நிரப்புவதற்காக மண் அள்ளிப் பள்ளமாக்கியிருந்தார்கள்.

பல வருஷங்களுக்கு முன் வந்த அந்தப் பெருமழையில் ஆறு உடையவில்லை. மேற்கே வாய்க்கால் உடைந்து கீழ்த்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது.

அன்று நான் கீழ்த்தெரு முனையில், மேட்டுப் பாதை வந்து முடியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காரைக்கால்மேடு என்ற கடலோரக் கிராமத்திலிருந்து மீனவர்கள் ஒரு ஃபைபர் படகை லாரியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். ஒரே படகு. "மேட்டுப் பகுதிகளுக்குப் பாதிப்பு இல்லை" என்று என் பத்திரிகை அலுவலகத்துக்கு அப்போதுதான் செய்தி சொல்லி முடித்திருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு அக்காவின் போன் வந்தது.

"தம்பி, அத்தானுக்கு மூச்சு இழுக்குதுடா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவணும். மேற்கால பாதையில தண்ணி வந்துடுச்சு."

"கம்புல எவ்வளவு ஏறியிருக்கு?"

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த நேரத்தில் போனில் அத்தானின் இருமல் கேட்டது. "முதல் கோட்டுக்குக் கீழதான் நிக்குது."

"அப்ப என்னக்கா பயம்? மெதுவா நடத்திக் கூட்டிட்டு வா. முனையில வண்டி பிடிச்சு வைக்கிறேன்."

ஊர் தெரிந்தவன் என்று படகுக்காரர் என்னைத்தான் பார்த்தார். "சார், மொதல்ல எங்க வுடணும்?" கீழ்த்தெருவைக் காட்டினேன். கூரைகளில் ஆட்கள் நின்றார்கள். அது தவறில்லை என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். மேட்டிலும் ஒரு நோயாளி இருக்கிறார் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அத்தானைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா பாதையில் இறங்கியிருக்கிறாள். இடுப்பளவு தண்ணீர். பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பத்து எட்டு வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். பதினொன்றுக்கு மறுபடி அழைத்தாள். "படகு எதாச்சும் இருந்தா அனுப்பேன்டா." அப்போது படகு கீழ்த்தெருவின் கடைசியில் இருந்தது. கரையில் நின்று கத்தினேன். மழை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு அந்தப் படகில் நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் கட்டிலில் கிடந்தார். ஈர வேட்டியை மாற்றியிருந்தார்கள். அக்கா அழவில்லை. "நீ கம்பக் கேட்ட, நான் பாத்துச் சொன்னேன்" என்றாள். மறுநாள் என் செய்தி நான் சொன்னபடியே அச்சாகியிருந்தது.

டவுனில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று ஒவ்வொரு மழைக்கும் கெஞ்சுகிறேன். இன்றும் கேட்டேன். காலில் விழாத குறை. "அவரு போன எடத்த வுட்டுட்டு எங்கடா வர்றது?" என்றபடி டீ டம்ளரை நீட்டினாள். "கம்பப் பாத்தியா? எவ்வளவு இருக்கு?"

"முதல் கோட்டுக்குக் கீழே ஒரு சாண்."

"அப்பச் சரி."

மேற்குப் பக்கமாக இறங்கினேன். பள்ளம் போன வருஷத்தைவிட அக்கா வீட்டுக்கு அருகே வந்திருந்தது. அங்கே கம்பு இல்லை.